கலிஃபோர்னியாவில் ஃபிளபாட்டமி படிக்கப் போகிறீர்களா? அறவியல் வகுப்பையும் சேர்த்து எடுங்கள்

சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்களில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "ரொம்ப வருஷம் படிக்காமல் மருத்துவத் துறைக்குள் நுழைய வழி இருக்கிறதா?" கணவருடைய வேலைக்காகவோ மனைவியுடைய வேலைக்காகவோ ஊரை விட்டு வந்தவர்கள். கையில் ஒரு பி.எஸ்சி. இருக்கும், பி.காம். இருக்கும், பத்து வருட வீட்டு நிர்வாகம் இருக்கும். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஃபிளபாட்டமி. நோயாளியிடமிருந்து பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை. நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

கூடவே இன்னொன்றும் சொல்வேன். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) தத்துவத் துறை நடத்தும் அறவியல் (எதிக்ஸ்) அறிமுக வகுப்பையும் எடுங்கள் என்று. இதைக் கேட்டதும் பலர் முகம் சுருங்கும். ஊசி குத்துகிற வேலைக்குத் தத்துவம் எதற்கு? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான்.

முதலில் ஒரு பழைய சம்பவம். 1999-ல் இங்கே பாலோ ஆல்ட்டோவில், ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை மையத்தில் வேலை பார்த்த ஒருவர், ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுபடி வேறு நோயாளிக்குப் பயன்படுத்தியது வெளியே வந்தது. ஆயிரக்கணக்கானவர்களை அழைத்து, ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்குப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு மாநிலச் சான்றிதழ் என்று எதுவும் இல்லை. அந்த அதிர்ச்சியில் அதே வருடம் சான்றிதழைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 2003-ல் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இன்றும் ரத்தம் எடுக்க மாநில உரிமம் தேவையில்லை. கலிஃபோர்னியா, நெவாடா, லூசியானா, வாஷிங்டன் ஆகிய நான்கில்தான் தேவை. நீங்கள் வாங்கப்போகும் சான்றிதழ், ஊசி பிடிக்கத் தெரியாத ஒருவரால் வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தும் செய்யக் கூடாததைச் செய்த ஒருவரால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேர்வதற்கு முன்னால்

மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை மூன்று வகைச் சான்றிதழ் தருகிறது. விரல் நுனியில் குத்தி எடுப்பதற்கு மட்டும் ஒன்று. விரல், சிரை (வெயின்) இரண்டுக்கும் சேர்த்து சிபிடி-1. தமனியிலிருந்தும் (ஆர்ட்டரி) எடுக்க சிபிடி-2. புதிதாக வருபவர்களுக்குத் தேவை சிபிடி-1. முன் அனுபவம் இல்லாதவர் அதற்குச் செய்ய வேண்டியது: 40 மணி நேர வகுப்புப் பாடம், 40 மணி நேர நேரடிப் பயிற்சி, அந்தப் பயிற்சியில் குறைந்தது 50 முறை சிரையிலிருந்தும் 10 முறை விரலிலிருந்தும் ரத்தம் எடுத்திருக்க வேண்டும், அப்புறம் மாநிலம் ஏற்றுக்கொண்ட ஒரு தேசியத் தேர்வு.

பள்ளிப் படிப்பு முடித்ததற்கு ஆதாரம் வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ படித்தவர்கள் தங்கள் மதிப்பெண் பட்டியலை, வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் அமைப்பு ஒன்றிடம் கொடுத்து அறிக்கை வாங்க வேண்டியிருக்கும். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. பிளஸ் டூ சான்றிதழ் ஊரில் அலமாரியில் இருக்கிறதென்றால், அடுத்து வருகிறவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

விசா விஷயம். ஹெச்4-ல் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா) இருப்பவர் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், தடையில்லை. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவர் கல்லூரிப் படிப்பில் சேரக் கூடாது. நேரடிப் பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போகும்போது உங்கள் விசாவில் அதற்கு ஏதாவது சிக்கல் உண்டா என்று, பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரியிடமும் குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள். தோழியின் தோழி சொன்னாள் என்று எதையும் நம்ப வேண்டாம்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பொதுச் சுகாதாரத் துறை தன் இணையதளத்தில் வைத்திருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா. கம்யூனிட்டி காலேஜ்களிலும் இந்தப் படிப்பு உண்டு, வயது வந்தோர் கல்விப் பள்ளிகளிலும் உண்டு, தனியார் பள்ளிகளிலும் உண்டு. கட்டணம் இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். சேரும் முன் நேராகக் கேளுங்கள்: "50 ஊசிகளை முடிக்கும் நேரடிப் பயிற்சி இடத்தை நீங்களே ஏற்பாடு செய்து தருவீர்களா? வகுப்பு முடிந்து எத்தனை வாரத்தில்?" வகுப்பை முடித்துவிட்டு மாதக்கணக்கில் பயிற்சி இடத்துக்குக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கற்ற கை அதற்குள் மறந்துபோகும்.

அறவியல் வகுப்புக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்கு செமஸ்டர் யூனிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு) ஒன்றுக்கு 46 டாலர். அறவியல் அறிமுகம் பெரும்பாலும் 3 யூனிட், ஆக 138 டாலரும் சில்லறைக் கட்டணங்களும். மாநிலவாசி என்று கணக்கில் எடுக்க, வகுப்பு தொடங்குவதற்கு முன் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்திருக்க வேண்டும், விசாவும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கட்டணம் பல மடங்காகும். வந்த நாளிலிருந்து வீட்டு வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், வரித் தாக்கல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பின்னால் நர்சிங் அல்லது வேறு பட்டப்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்த வகுப்பு பொதுக் கல்விப் பாடமாகக் கணக்கில் சேரும். எந்தப் பல்கலைக்கழகம் எதை ஏற்கும் என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பிசிஜி தழும்பும் காசநோய்ப் பரிசோதனையும்

நேரடிப் பயிற்சிக்கு மருத்துவமனைக்குள் விடுவதற்கு முன் உடல்நலச் சான்றுகள் கேட்பார்கள்: தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகள், டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் மூன்றுக்குமான ஊசி), ஃப்ளூ, காசநோய் இல்லை என்பதற்கு ஆதாரம். கூடவே முதலுதவிச் சான்றிதழ், குற்றப் பின்னணிச் சோதனை, பல இடங்களில் போதைப்பொருள் சோதனை.

இதில் நம்மவர்கள் வழுக்கும் இடம் காசநோய்ச் சோதனைதான். குழந்தையில் நமக்கு இடது தோளில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பார்கள். தழும்பு இன்னும் இருக்கும். தோலுக்கடியில் மருந்து ஏற்றி இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளக்கும் பழைய சோதனை, பிசிஜி போட்டவர்களுக்கு நோயே இல்லாமலும் வீங்கிக் காட்டலாம். உடனே எக்ஸ்ரே, அலைச்சல், ஒத்திவைப்பு. ஆகவே "எனக்கு பிசிஜி போட்டிருக்கிறது, ரத்தச் சோதனையாகவே செய்யுங்கள்" என்று முதலிலேயே கேளுங்கள். குவான்டிஃபெரான் போன்ற ரத்தச் சோதனையை பிசிஜி குழப்பாது.

சின்ன வயதில் அம்மை வந்தது, வேப்பிலையில் படுக்க வைத்தார்கள் என்பது இங்கே சான்றாகாது. தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால், எதிர்ப்பு சக்தி அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஊசி தேவையில்லை. ஹெபடைடிஸ் பி வழக்கமான முறையில் போட்டால் முதல் ஊசி, ஒரு மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று தவணை. அதனால் இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும்.

அறவியல் வகுப்பில் என்ன நடக்கும்

வாரத்துக்கு 30, 40 பக்கம் படிக்கக் கொடுப்பார்கள். அரிஸ்டாட்டில், கான்ட், மில் என்ற தத்துவவாதிகள் மூவரும் கட்டாயம் வருவார்கள். அப்புறம் மருத்துவ அறம் பற்றிச் சில வாரங்கள். மாணவர்கள் பேச வேண்டும். பேசாமல் இருந்தால் மதிப்பெண் குறையும். நம் ஊரில் ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு வந்த பழக்கம் உள்ளவர்களுக்கு முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். ஆசிரியரின் அலுவலக நேரத்தில் போய் உட்காருங்கள். "புரியவில்லை" என்று சொன்னால் இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

கட்டுரை எழுதும்போது இரண்டு விஷயம். புத்தகத்தின் வரிகளை அப்படியே எழுதினால் பள்ளியில் நல்ல மதிப்பெண் வந்தது. இங்கே மேற்கோள் குறியும் ஆதாரமும் இல்லாமல் ஒரு வரி எடுத்தாலும் அது திருட்டு, வகுப்பில் தோல்வி வரை போகும். இன்னொன்று, அவர்கள் கேட்பது உங்கள் கருத்தை மட்டும் அல்ல, அந்தக் கருத்துக்குப் போன வழியை. தமிழில் மணிமேகலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பக்கம் (சொல்ல வந்தது), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு, உபநயம் (அதைப் பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று அறவண அடிகள் வாதத்தைப் பிரித்துக் காட்டுவது நினைவிருக்கும். கிட்டத்தட்ட அதே பயிற்சிதான்.

என் முதல் கட்டுரைத் தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தையிடம் "வலிக்காது கண்ணு" என்று சொல்லலாமா? நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். ஆஸ்பத்திரிக்கே போகவில்லை, கடைக்குப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகிறவர்களும் உண்டு. கான்ட் எந்தப் பொய்க்கும் இடம் கொடுக்காதவர். மில் வழியில், அதாவது விளைவை வைத்து யோசித்தால், இந்தச் சின்னப் பொய்யால் இன்றைக்கு அழுகை குறைகிறது. ஆனால் அடுத்த ஊசிக்கு அந்தக் குழந்தை அம்மாவையும் நம்பாது, நம்மையும் நம்பாது. எழுதி முடிக்கும்போது என் பேச்சே மாறிவிட்டது. இப்போது நான் குழந்தைகளிடம் "கொஞ்சம் வலிக்கும், நீ ஐந்து வரை எண்ணுவதற்குள் முடிந்துவிடும், கையை மட்டும் ஆட்டாதே" என்கிறேன். சொன்னபடி முடித்தும் விடுகிறேன். இதை ஃபிளபாட்டமி பாடப் புத்தகமும் சொல்கிறது, ஒரு வரியில். அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது தத்துவ வகுப்பில்.

வகுப்பில் என்னை ரொம்ப நாள் தூங்கவிடாத வழக்கு ஜான் மூர் என்பவருடையது. இந்த மாநிலத்தில் நடந்தது. 1976-ல் அவருக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு 1983 வரை, சியாட்டிலில் இருந்து திரும்பத் திரும்ப அங்கே வரவழைத்து ரத்தமும் எலும்பு மஜ்ஜையும் வேறு மாதிரிகளும் எடுத்தார்கள். தன் உடல்நலத்துக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய உயிரணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளரும் ஒரு வரிசையை உருவாக்கி, 1984-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990-ல் தீர்ப்பு: எடுக்கப்பட்ட உயிரணுக்கள் மேல் மூருக்குச் சொத்துரிமை இல்லை. ஆனால் தனக்கு அதில் ஆராய்ச்சி லாபமோ பண லாபமோ இருந்தால், சம்மதம் வாங்கும் முன் மருத்துவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

அத்தனை வருடத்தில் எத்தனை பேர் அவர் கையில் பட்டை கட்டி ஊசி ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சீட்டில் எழுதியிருந்த குழாய்களை நிரப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள். நோயாளி "இது எதற்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரிந்தவரை அழைத்து வர வேண்டும். சும்மா எடுக்கச் சொன்னார்கள் என்பது பதிலாகாது.

அலபாமாவில் 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கிகீ விஷயமும் பாடத்தில் வரும். மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த கறுப்பின ஆண்களிடம் "கெட்ட ரத்தம்" இருக்கிறது என்று சொல்லி, சிகிச்சை என்ற பெயரில் ரத்தமும் தண்டுவட நீரும் எடுத்தார்கள். பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கும் ஒரு வயதான கறுப்பினத்தவர் கையை நீட்டத் தயங்கினால் அதற்குப் பின்னால் நாற்பது வருட வரலாறு இருக்கிறது. இதைத் தெரிந்து அவர் பக்கத்தில் நிற்பது வேறு, தெரியாமல் நிற்பது வேறு.

ஊசி வகுப்பு

முதலில் தமிழர்களுக்கான ஒரு எச்சரிக்கை. நாம் "நரம்பு" என்று சொல்வது இரண்டு பொருளில் வரும். கையில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்போம், வலியைக் கடத்துவதையும் நரம்பு என்போம். "நரம்பே கிடைக்கலையாம், நாலு தடவை குத்தினாங்க" என்று பாட்டி சொல்வது சிரையை. வகுப்பில் இந்த மூன்றையும் மனதுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள்: ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோவது சிரை, இதயத்திலிருந்து கொண்டுவருவது தமனி, உணர்ச்சியைக் கடத்துவது நரம்பு. ஊசி போக வேண்டியது சிரைக்குள் மட்டும்.

முழங்கை மடிப்பில் மூன்று சிரைகள் முக்கியம். நடுவில் இருப்பதுதான் முதல் தேர்வு. பெருசு, அசையாது, வலியும் குறைவு. கட்டைவிரல் பக்கம் இருப்பது அடுத்தது. சுண்டுவிரல் பக்கம், உள்பக்கமாக இருப்பதைக் கடைசியில்தான் தொட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே தமனியும் பெரிய நரம்பும் ஓடுகின்றன.

பட்டையை மடிப்புக்கு மேல் மூன்று நான்கு அங்குலத்தில் கட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. தேடவே நேரமாகிவிட்டதா, அவிழ்த்து இரண்டு நிமிடம் விட்டு மறுபடி கட்டுங்கள். நோயாளியைக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்லாதீர்கள். ஊரில் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அதனால் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ஒருமுறை மூடி வைத்திருந்தால் போதும்.

இப்போது கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தி விடும்போது சிரை மெத்தென்று திரும்ப எழும். தசைநார் கயிறு போல விறைப்பாக இருக்கும். தமனி துடிக்கும். கறுத்த தோலில் சிரை கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம், ஆனால் விரலுக்குத் தப்பாது. நான் வீட்டில் என் கணவர், மாமியார், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார் முழங்கையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துப் பழகினேன். பூ தொடுக்கிற விரலுக்கு இது சீக்கிரம் வரும் என்பது என் நம்பிக்கை. கட்டட வேலை செய்துதான் கொத்தனார் ஆகிறோம், நல்லதைச் செய்துசெய்துதான் நல்லவராகிறோம் என்று அரிஸ்டாட்டில் சொல்வது எனக்கு முழுசாகப் புரிந்தது அந்த மாதத்தில்தான்.

எழுபது சதவீத ஆல்கஹாலில் துடைத்த இடத்தைத் தானாகக் காயவிடுங்கள், அரை நிமிடம். ஊதாதீர்கள், விசிறாதீர்கள், துடைத்த பிறகு விரலால் மறுபடி தொடாதீர்கள். காயாமல் குத்தினால் எரியும், சிவப்பணுக்களும் உடையலாம். மடிப்புக்குக் கீழே தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, ஊசியின் சாய்ந்த வாய் மேலே பார்க்க, 30 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ சாய்த்து உள்ளே விட வேண்டும். தயங்கித் தயங்கிப் போகும் ஊசிதான் அதிகம் வலிக்கும்.

குழாய்களை எடுக்கும் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள். இதில் மனப்பாடம்தான் சரி. கிருமி வளர்ப்புக் குப்பிகள் முதலில், பிறகு மூடியின் நிறப்படி வெளிர் நீலம், சிவப்பு அல்லது தங்க நிறம், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஏன் இந்த வரிசை? ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ உப்பில் பொட்டாசியம் உண்டு, கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். ஊதாவுக்குப் பிறகு பச்சையையோ தங்க நிறத்தையோ நிரப்பினால், துளி ஒட்டினாலும் போதும், நோயாளியின் பொட்டாசியம் ஆபத்தான உயரத்திலும் கால்சியம் தாழ்ந்தும் இருப்பதாக அறிக்கை போகும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார்கள். வெளிர் நீலக் குழாயைக் கோடு வரை நிரப்ப வேண்டும். அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு உறையாமல் தடுக்கும் மருந்து என்று கணக்கு. குழாய்களைக் குலுக்கக் கூடாது. மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி எடுங்கள். நீலம் மூன்று நான்கு முறை, ஊதா எட்டிலிருந்து பத்து முறை.

பட்டையை அவிழ்த்த பிறகே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். மூடியைத் திரும்பப் போடவே கூடாது. பாதுகாப்பு உறையைத் தட்டிவிட்டு, பயன்படுத்திய ஊசிகளுக்கான கூர்முனைப் பெட்டிக்குள் நேராகப் போட வேண்டும். "ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு" என்று நோயாளி சொன்ன அந்த நொடியே ஊசியை எடுங்கள், ரத்தம் வந்துகொண்டிருந்தாலும். அது நரம்பு. பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வந்தால் தமனி. எடுத்துவிட்டு, நீங்களே குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மார்பகத்தை அகற்றிய பக்கம், டயாலிசிஸுக்கு இணைப்பு வைத்த கை, சலைன் ஏறும் கை, இவை வேண்டாம். இரண்டு முறை முயன்றும் வரவில்லையா, மூன்றாவது உங்களுடையதல்ல. இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

பெயரைக் கேட்கும் முறை

நேரடிப் பயிற்சியின் மூன்றாவது நாள் என்று நினைக்கிறேன். காத்திருக்கும் இடத்தில் நம் ஊர்ப் பாட்டி ஒருவர், நூல் புடவை, மேலே மகனுடைய ஸ்வெட்டர். எனக்கு முன் அவரிடம் பேசிய ஊழியர் ஆங்கிலத்தில் "நீங்கள் திருமதி இன்னார்தானே?" என்று கேட்டார். பாட்டி தலையாட்டினார். நாற்காலியில் உட்கார வைத்து, பட்டை கட்டும் நேரத்தில் நான் தமிழில் கேட்டேன்: "அம்மா, உங்க முழுப் பேரு என்னம்மா? பிறந்த தேதி?" அவர் சொன்ன பெயர் வேறு. "அந்தப் பொண்ணு என்னமோ கேட்டுச்சு, நானும் சரின்னேன் கண்ணு" என்றார். அன்றைக்கு வேறொருவருடைய குழாய்களில் அவர் ரத்தம் போயிருக்கும்.

அதனால்தான் விதி: பெயரை நீங்கள் சொல்லி "ஆமாம்" வாங்கக் கூடாது. அவரையே சொல்ல வைக்க வேண்டும், பெயரும் பிறந்த தேதியும், இரண்டும் சீட்டோடு பொருந்த வேண்டும். நம் பெயர்களில் இது இன்னும் சிக்கல். இனிஷியல் முன்னால் வரும், அப்பா பெயர் குடும்பப் பெயராகும், பாஸ்போர்ட்டில் ஒன்று இன்சூரன்ஸ் அட்டையில் ஒன்று இருக்கும். லட்சுமி என்று ஒரே காலையில் இருவர் வருவார்கள். குழாய்களில் லேபிளை முன்கூட்டி ஒட்டி வைக்காதீர்கள். எடுத்து முடித்ததும், நோயாளி எழுந்து போவதற்கு முன், அவர் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

மொழி தெரியாத நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை. கூட வந்த பத்து வயதுப் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். நீங்கள் தமிழ் பேசுவதால் உங்களை அழைப்பார்கள். பெயர் கேட்க, கையை நீட்டச் சொல்ல உதவலாம். சிகிச்சைக்கான சம்மதம், நோயின் விவரம் என்று வந்தால் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் வரும்போது இன்னொரு சோதனை இருக்கிறது. கோவிலில் பார்க்கிற மாமா பரிசோதனைக்கு வந்தார் என்பதை வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. சீட்டில் என்ன சோதனை எழுதியிருந்தது என்பதைக் கேட்கவே வேண்டாம். நம் சமூகம் சின்னது. பேச்சு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊர் சுற்றிவிடும்.

உங்கள் கையில் குத்திக்கொண்டால் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே மேலாளரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

தேர்வு, விண்ணப்பம், வேலை

தேசியத் தேர்வை நடத்தும் அமைப்புகள் பல. என்ஹெச்ஏ, ஏஎஸ்சிபி, ஏஎம்டி, என்சிசிடி போன்றவை. உங்கள் பள்ளி எதற்குத் தயார் செய்கிறதோ அதையே எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரத் தேர்வு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். குழாய் வரிசை, நோயாளியை அடையாளம் காண்பது, தொற்றுத் தடுப்பு, இவற்றை நன்றாகப் படித்திருந்தால் பயம் வேண்டாம். தேறியதும் மாநிலத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பம், கட்டணம் 100 டாலர். பெயர் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதியதால் விண்ணப்பம் தேங்கியவர்கள் உண்டு. சான்றிதழ் கைக்கு வரும்வரை தனியாக யாருக்கும் ரத்தம் எடுக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க, 6 மணி நேரத் தொடர்கல்வி காட்ட வேண்டும்.

முதல் வேலைக்கு மருத்துவமனைகளின் அதிகாலை ஷிஃப்டைப் பாருங்கள். டாக்டர்கள் காலை சுற்றுக்கு வருவதற்குள் அறிக்கை வேண்டும் என்பதால் நான்கு மணிக்கே வார்டுகளில் ரத்தம் எடுக்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்துக்கு ஆள் குறைவு, புதியவர்களுக்கு இடம் கிடைக்கும். தூங்குகிறவரை எழுப்பித்தான் எடுக்க வேண்டும். விளக்கைச் சட்டென்று போடாதீர்கள், முதலில் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் "வேண்டாம்" என்று சொன்னாலும் அது வேண்டாம்தான். கையைப் பிடித்து இழுக்காமல் நர்ஸிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள்.

முதல் வாரத்தில் யாராவது உங்கள் விரல் நடுங்குவதைப் பார்த்து "நீங்கள் புதிதா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னபோது பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள். ஒருவர் மட்டும் வேறு ஆள் வேண்டும் என்றார். பட்டையை அவிழ்த்துவிட்டு, சீனியரைக் கூப்பிட்டு வந்தேன்.